என் உருண்டைப் பவுடரைக் கலந்த விஷயம்

பிப்ரவரி 7, 2009, சனி. மேகமூட்டம், மழை இல்லை.

என்னைக் கேட்காமல், தோட்டா நிரப்ப நான் வைத்திருந்த இரண்டு துப்பாக்கிப் பவுடர்களையும் என் மனைவி ரோஸ்லின் ஒன்றாகக் கொட்டிவிட்டாள். இதை முதலில் எழுதிவைக்கிறேன். நாளைக்கு யாரும் மாற்றிச் சொல்லக்கூடாது.

காலையில் துணி துவைக்கும் அறைக்குப் போனேன். சோப்புத்தூள் ஒரு கறுப்பு டப்பாவில். அகல வாய், இறுக்கமான மூடி. என் பிஸ்டல் பவுடர் டப்பா. வெந்நீரில் ஊறவைத்து லேபிளைச் சுரண்டியிருக்கிறாள். ஓரத்தில் கொஞ்சம் மிச்சம்.

"அதுல அடியிலதான் கொஞ்சம் கெடந்துது. பக்கத்து டப்பாவிலயும் அதே கறுப்புப் பொடி. ரெண்டையும் ஒண்ணாக் கொட்டிட்டு இதைக் கழுவி எடுத்தேன். நல்ல மூடிங்க, காத்துப் போகாது."

"அது என்ன, மல்லிப் பொடியா?"

"மல்லிப் பொடின்னா நீங்க இவ்வளவு கத்த மாட்டீங்களே."

நாற்பது வருடமாக அடுக்களையில் செய்வதை என் காரேஜிலும் செய்திருக்கிறாள். பிஸ்டல் பவுடர் சட்டென்று எரியும். ரைபிள் பவுடர் நிதானமாக எரிய வேண்டும். பிஸ்டல் பவுடர் அதில் கலந்து ரைபிளுக்குள் போனால் இரும்பு தாங்காது. துப்பாக்கியின் பின்பக்கம் வெடித்து முகத்தில் வரும்.

மகன் சேவியர் கேட்ட கேள்வி: "ரைபிள் டப்பா திடீர்னு வெயிட்டா இருந்ததை நீங்க நோட் பண்ணலையாப்பா?"

என் வீட்டில் என் டப்பாவை நான் ஏன் சந்தேகப்பட வேண்டும்.

ரோஸ்லின் கொட்டியது எந்த நாள், அதுதான் இப்போது கேள்வி. நண்பர் ஜப்பாருக்கு ஒரு பெட்டி ரைபிள் தோட்டா நிரப்பியது போன செவ்வாய். அவளுக்கு நாள் ஞாபகமில்லை. சேவியர்தான் கிளறினான். "சோப்பு எப்போம்மா வாங்கினோம்? Sunday பூசை முடிஞ்சு வர்ற வழியிலதானே? அந்தப் பெரிய பெட்டி கிழிஞ்சிருந்துச்சே." ஆமாம் என்றாள். அன்று சாயங்காலமே டப்பா தேடினாளாம்.

ஞாயிறு. செவ்வாய்க்கு முன்.

காரேஜில் பெயின்ட் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன்.

அதே நாள், சாயங்காலம்

ஜப்பார் போன் எடுக்கவில்லை. நேரே மெசேஜ் குரல். வெள்ளிக்கிழமையே மருமகனோடு மேற்கே ஒரு பண்ணைக்குப் போய்விட்டார். இலக்கு வைத்துச் சுட. அவர் மனைவி ஆமினா: "அங்க சிக்னல் கெடையாதுண்ணே. எந்த இடம்னும் எனக்குத் தெரியாது. மக கிட்ட கேட்டுச் சொல்லுதேன். ஏண்ணே, என்ன விசயம்?"

ஒன்றுமில்லை என்றேன்.

ஷெரிப் ஆபீசுக்கு, இந்த நாட்டுப் போலீசுக்கு, சொல்லலாம் என்றான் சேவியர். தாடி வைத்த இரண்டு பேர், கையில் ரைபிள், தோட்டா வெடிக்கலாம். இதை ஆங்கிலத்தில் போனில் சொன்னால் கேட்பவன் எதைப் புரிந்துகொள்வான்? அவர்களைக் காப்பாற்ற வருகிறவனே சுட்டுவிடுவான். வேண்டாம் என்றேன். அது சரிதானா என்று இன்னும் தெரியவில்லை.

BP மாத்திரை போட்டேனா? ஞாபகமில்லை. இன்னொன்று போடப் பயம்.

இந்தப் பவுடரை நான் எப்படித் தேர்ந்தெடுத்தேன். யாரும் சொல்லித் தரவில்லை. புத்தகம், தராசு, என் கண். மூன்று வகை வாங்கிச் சோதித்தேன். குச்சிப் பவுடர் குறி தப்பாது, ஆனால் அளவைக் குழாயில் சிக்கும், ஒவ்வொரு தடவையும் எடை மாறும். தட்டைப் பவுடர் ரைபிளுக்கு ஆகாது. உருண்டைப் பவுடர் ரவை மாதிரி வழியும், எடை பிசகாது. இதுதான் என் பவுடர் என்று முடிவு செய்தேன். பிஸ்டலுக்கும் உருண்டையே வாங்கினேன். ஜப்பார் அன்றே சொன்னார்: "அண்ணாச்சி, ரெண்டும் பாக்க ஒண்ணு போல இருக்கே." லேபிள் எதற்கு இருக்கிறது என்று கேட்டேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு. வெயில். காற்று அதிகம்.

பூசைக்குப் போகவில்லை. ரோஸ்லின் மட்டும். எனக்கும் சேர்த்து வேண்டிக்கொள்வதாகச் சொன்னாள். கொட்டினதுக்கா என்று கேட்டேன்.

ஆமினா காலையில் விலாசம் சொன்னாள். சேவியர் ஓட்டினான். freeway-யில் ஒரு இடத்தில், "Garage-ல இதெல்லாம் வேண்டாம்னு அப்பவே சொன்னேன்." மோட்டார் சத்தத்தில் கேட்காத மாதிரி இருந்துகொண்டேன்.

பண்ணைக் கதவு சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. உள்ளே தூரத்தில் சுடும் சத்தம். ஒன்று. பிறகு ஒன்றுமில்லை. அந்த இடைவெளியை என்னால் எழுத முடியாது. பிறகு இன்னொன்று. சத்தம் வந்தால் ஆள் இருக்கிறார். வராவிட்டால்? ஒவ்வொரு சத்தத்துக்கும் பயந்தேன், சத்தம் நின்றால் அதைவிடப் பயந்தேன்.

சேவியர் ஹார்னை அமுக்கிக்கொண்டே இருந்தான். கடைசியில் ஜப்பார், காதில் மாட்டியதைக் கழுத்தில் தொங்கவிட்டு, நடந்து வந்தார். இரண்டு கண்ணும் இருந்தன. கையைப் பார்த்தேன். விரல்கள் சரி.

"என்ன அண்ணாச்சி, மகனையும் இழுத்துக்கிட்டு? மோப்பம் பிடிச்சு வந்தியளா, மட்டன் இன்னும் அடுப்புலதான் இருக்கு."

என் தோட்டாவைச் சுட்டீரா என்று கேட்டேன்.

"இல்லையே. முன்ன வாங்கின கடைச் சரக்குதான் ஓடுது. நம்ம கைச் சரக்குல்லா, அதைக் கடைசியா நிதானமா சுடுவோம்னு வச்சிருக்கேன்."

கதவைப் பிடித்துக்கொண்டேன். சேவியர் விஷயத்தைச் சொன்னான். ஜப்பார் பெட்டியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். சிரிப்பு போய்விட்டது. பெட்டியில் ஒரு வரிசை காலி.

பண்ணைக்காரர் டேல். நேற்று ராத்திரி பெட்டியைப் பார்த்துப் புகழ்ந்தாராம். நவம்பர் தேர்தலுக்குப் பிறகு, துப்பாக்கிக்குத் தடை வரும் என்று எல்லாரும் வாங்கிக் குவித்ததில், எந்தக் கடையிலும் தோட்டா இல்லை, பவுடரும் இல்லை. ஜப்பார் ஒரு கைப்பிடி எடுத்துக் கொடுத்திருக்கிறார். டேல் விடியுமுன் தம்பி வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். ரைபிளோடு. தம்பி வீடு எங்கே என்று கேட்க அங்கே யாரும் இல்லை. சிக்னல் வந்த இடத்திலிருந்து கூப்பிட்டோம், போன் அடிக்கிறது, எடுப்பதில்லை.

பிப்ரவரி 9, திங்கள். தூறல்.

கலந்ததைப் பின்பக்கப் புல்லில் தூவினேன். நனைந்தால் எரியாது. இன்று இதைக் காசு கொடுத்தாலும் வாங்க முடியாது. ரோஸ்லின் ஜன்னலில் நின்று பார்த்தாள். அவள் செய்தது தப்புதான். அதில் மாற்றமில்லை.

இனி குச்சிப் பவுடர் மட்டும். குழாயில் சிக்கட்டும், ஒவ்வொன்றாக நிறுக்கிறேன். அதில் வேறு எது விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியும். எனக்குப் பிடித்த பவுடர் எது என்று யார் கேட்டாலும் இனி இதுதான்.

மதியம் வரை டேல் எடுக்கவில்லை. ஆகவே:

ஜப்பார்: டேல் எடுக்கும்வரை கூப்பிட வேண்டும். மெசேஜில் "சுடாதே" என்பதை முதலில் சொல்ல வேண்டும், நலம் விசாரிப்பது அப்புறம்.

ஆமினா: டேலின் மனைவியுடைய நம்பர் யாரிடமாவது கிடைக்குமா, கேட்க வேண்டும்.

நான்: மிச்சத் தோட்டாக்களைப் பிரித்துப் பவுடரைக் கொட்ட வேண்டும்.

ரோஸ்லின்: காரேஜுக்குள் வரக்கூடாது. டப்பாவை அவளே வைத்துக்கொள்ளட்டும்.

சேவியர்: ராத்திரிக்குள் தகவல் இல்லையென்றால் நாளை லீவு போட்டு என்னை டேல் வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும். யார் திறந்தாலும் பேச வேண்டியது அவன். அம்மா கொட்டினாள் என்று சொல்லக்கூடாது. தோட்டா நிரப்பியவன் பெயரை மட்டும் சொல்லட்டும்.