சாந்தம்மாள் எழுந்து நின்றுவிட்டாள்

சின்னக்கானல்,
20-8-1957

பாலக்காட்டில் சைனுதீன் ராவுத்தர் அரிசி மண்டியில் மூட்டை தூக்கும் என் அத்தான் நல்லமுத்து அவர்களுக்கு வேலுத்தாய் வணங்கி எழுதுவது. நீங்கள் நல்ல சுகத்தோடு இருக்க மாரியம்மனை வேண்டுகிறேன். இங்கே சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

முன்னே போட்ட இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. கோபம் இருக்கட்டும். இதை மட்டும் கிழிக்காமல் கடைசி வரை படியுங்கள்.

நம் பிள்ளை சாந்தம்மாளின் கால் மாவுக்கட்டை ஏன் வெட்டினேன் என்று ஒரு வார்த்தை கேட்காமல், நான்தான் அவளை நொண்டியாக்கினேன் என்று லயத்து வீடுகள் எல்லாம் கேட்கக் கத்திவிட்டு பஸ் ஏறிவிட்டீர்கள். நடந்தது இதுதான். ஆனி மாத மழையில் தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு, அவளை விட்டிருந்த பிள்ளைக் கொட்டகைக்கு வந்தேன். கட்டின் முனையில், விரல் பக்கம், ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. கட்டு இறுகிக் காலை அறுக்கிறது என்று பதறி, வெந்நீரில் ஊறவைத்து, செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் கீறிப் பிரித்தேன். உள்ளே ஒரு அட்டை, ரத்தம் குடித்துக் கொழுத்துக் கிடந்தது. அட்டை ஏறாமல் இருக்கத் தினமும் காலில் புகையிலைத் தண்ணீர் தடவிக்கொண்டு மலையேறுகிறவள் நான். விரல் சந்தில் கொஞ்சம் உப்புத் தண்ணீர் விட்டிருந்தால் அதுவாகவே விழுந்திருக்கும். அந்த நேரத்தில் பாழும் புத்திக்கு அது எட்டவில்லை. பிறவியிலேயே மடங்கியிருந்து, நாலு கட்டுப் போட்டு நேராகி வந்த பாதம் பத்தே நாளில் பழையபடி உள்ளே மடங்கிவிட்டது. தப்பு என்னுடையதுதான், இல்லை என்று சொல்லவில்லை.

போன புதன்கிழமை அவளைத் தூக்கிக்கொண்டு தனியாகவே மலை இறங்கி மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா வைவார்கள் என்று நடுங்கினேன். வையவில்லை. என் காலை நனைத்து சிமெண்டுத் தரையில் மிதிக்கச் சொன்னார்கள். குதிகாலும் வெளி ஓரமும் விரல்களும் பதிந்தன. நடக்கும்போது உடம்பின் பாரம் குதிகாலில் இறங்கி, வெளி ஓரமாகப் போய், பெருவிரலில் உந்தித்தான் புறப்படுமாம். இத்தனை வருஷம் மலையேறியும் எனக்கு இது தெரியாது. பிறகு சாந்தம்மாளின் காலை நனைத்து வைத்தார்கள். சுண்டுவிரல் பக்கம் ஒரு கோடு மட்டும் விழுந்தது. பின்னங்கால் நரம்பு குறுகிக் குதிகாலை மேலே இழுத்து வைத்திருக்கிறதாம். இப்போது எல்லாம் குருத்தெலும்பு, கொஞ்சம் கொஞ்சமாகக் கையாலேயே திருப்பிவிடலாம். அந்த ஓரத்தில் நின்று நடந்து எலும்பு முற்றிவிட்டால் கத்திதான் வைக்கவேண்டும், அப்போதும் உறுதி சொல்ல முடியாது என்றார்கள்.

செப்டம்பர் இரண்டாம் தேதி, திங்கட்கிழமை, படுக்கை தருகிறார்கள். வாரம் ஒரு கட்டு, எட்டு வாரம் நான் கூடவே இருக்கவேண்டும். வீட்டில் ஒருவருக்காவது எஸ்டேட் வேலைக்கணக்கில் பேர் விழாவிட்டால் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் பேரை இந்த மாதக் கடைசி வரை அடிக்காமல் வைத்திருப்பதாகக் கங்காணி சூசையப்பன் சொல்கிறார். அதற்கு மேல் அவராலும் துரையிடம் பொய் சொல்ல முடியாது.

நேற்று சாயங்காலம் சாந்தம்மாள் தகரப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். முதல் தடவை. பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாரும் கைதட்டினார்கள். அவளுக்கு ஒரே சிரிப்பு. நான் அந்தக் காலைத்தான் பார்த்தேன், ஓரத்தில் மடங்கிக் கிடந்தது. ஓடிப்போய் உட்கார வைத்தேன். மறுபடி எழுந்தாள், மறுபடி உட்கார வைத்தேன். ஏழு தடவை. கடைசியில் அழுதுகொண்டே என் முகத்தில் அடித்தாள். கொட்டகையில் விட்டால் நின்றுவிடுவாள் என்று இன்று நான் வேலைக்கும் போகவில்லை. முதுகில் கட்டிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பிள்ளை நிற்கக்கூடாது என்று சாமியைக் கும்பிடுகிற தாயை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா அத்தான்?

என்னோடு பேசவேண்டாம். என் கையால் சாப்பிடவும் வேண்டாம். முப்பத்தொன்றாம் தேதி சனிக்கிழமைக்குள் வந்து உங்கள் பேரைப் போட்டுக்கொள்ளுங்கள், போதும். உங்களையும் ராவுத்தர் குடும்பத்தையும் கடவுள் காப்பாற்றட்டும்.

நீங்கள் வரும்வரை அவளைத் தரையில் விடமாட்டேன். சீக்கிரம் வாருங்கள், எனக்குக் கை வலிக்கிறது.

உங்கள் பிள்ளையைச் சுமந்திருக்கும்,
வேலுத்தாய்