தென்பெண்ணையைத் தாண்டாத தொப்பை

அன்புள்ள பழைய கூட்டாளிக்கு,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நாற்பத்தாறு வயதில், அரைக்கால் சட்டைப் பசங்களோடு வரிசையில் நின்று, ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வீடியோ கேம் ஆடினேன். நம்முடைய கேம்தான். எண்பத்தாறில் நாம் எழுதியது. இத்தனை வருடம் பெங்களூரில் பூட்டி வைத்திருந்துவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முனீர் அகமது கடைக்குக் கொடுத்திருக்கிறாய்.

அருவருப்பாக இருக்கிறதப்பா. ஜாய்ஸ்டிக் முழுக்க மாம்பழப் பிசுக்கு. லாரிக்கு லாரி தாவும் கதாநாயகனுக்கு என் தொப்பையை வரைந்தாயே, அவன் விழும்போதெல்லாம் "டேய், தொப்பை செத்துட்டான்டா!" என்று கடையே கைதட்டுகிறது.

கேமின் கடைசியில் அந்தத் தென்பெண்ணை ஆறு. ஒரே தாவலில் எவனாலும் தாண்ட முடியாது, அகலத்தைக் குறை என்றேன். நீ மாட்டேன் என்றாய். அதில்தானே கேமும் நின்றது, நம் பேச்சும் நின்றது? நேற்றும் ஆற்றுக்குள்தான் விழுந்தேன். விழுந்த கையோடு, "இத எவனும் தாண்ட முடியாதுங்க!" என்று முனீரிடம் கத்தினேன்.

கேமைத் திரும்ப வாங்கிக்கொள். நான் சொன்னதுதான் சரி என்று ஒரு வரி எழுது.

இப்படிக்கு,
தொப்பை

பி.கு.: முனீரின் மனைவி காத்தூன் டீ டம்ளரோடு வந்தாள். "நகருங்கண்ணா. நின்ன எடத்துலயே குதிச்சா எப்படி? பின்னாடி போயி ஓடியாந்து குதிக்கணும்" என்றாள். ஒற்றைக் கையால் தாண்டிவிட்டாள். டீ சிந்தவில்லை.