தாளின் பின்பக்கம்

மாணவர் விடுதி, சென்னை
17-7-1968

அன்புள்ள அக்காவுக்கு,

சவுரியப்பன் எழுதுவது. நல்லபடியாக வந்து சேர்ந்தேன் என்று அப்பாவிடம் சொல்லிவிடு. சாப்பாடு வாயில் வைக்க வழியில்லை. அதை மட்டும் சொல்லாதே.

எம்.எஸ்ஸி. வகுப்பு தொடங்கிவிட்டது. பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன் என்று ஒரு பாடம். புரொபசர் ஒரு இரும்புக் கம்பியைப் பலகையில் வரைந்தார். இரண்டு முனையும் பனிக்கட்டியில், நடுவில் சூடு. போகப் போகச் சூடு எப்படிக் குறையும் என்றார். அப்புறம் முக்கால் மணி நேரம் பலகையோடு பேசிக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு இழவும் புரியவில்லை. பி.எஸ்ஸி.யில் நீ முதல் வகுப்பு, நான் தட்டுத்தடுமாறித் தேறியவன். ஆனால் பொம்மிடிப் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பது நீ, இங்கே உட்கார்ந்திருப்பது நான். அப்பாவின் முடிவு அப்படி.

வகுப்புக் குறிப்பு அனுப்பியிருக்கிறேன். ஐந்து கணக்குகளை அடுத்த திங்களுக்குள் கொடுக்க வேண்டும். காப்பாற்று. தாள் பஞ்சம், கையில் கிடைத்ததன் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

உன் தம்பி,
சவுரி

சேசு மரி சூசை துணை
பொம்மிடி
20-7-1968

அன்புத் தம்பி சவுரிக்கு,

உன் தாள்களை முதலில் பின்பக்கம்தான் படித்தேன். ஞாயிறன்று ஆட்டுக்கறி என்கிறது விடுதி அறிவிப்பு. சாப்பாடு வாயில் வைக்க வழியில்லையாம் துரைக்கு!

ஐந்தும் போட்டாயிற்று. பயப்படாதே. இதுவரை நாம் படித்ததில் மாறுவது ஒன்றுதான். இங்கே இடமும் மாறுகிறது, நேரமும் மாறுகிறது. இடத்துக்கு ஒரு பங்கு, நேரத்துக்கு ஒரு பங்கு என்று பிரித்துவிடு; பெரிய கணக்கு நமக்குத் தெரிந்த இரண்டு சின்னக் கணக்காகிவிடும். ஆனால் எடுத்தவுடன் முனைகளைப் பார். முனையில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் நடுவில் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது.

மூன்று வருடம் தூங்கிக்கிடந்த மூளை, சவுரி. சந்தோஷத்தில் களியை அடிப்பிடிக்க விட்டு அப்பாவிடம் ஏச்சு வாங்கினேன்.

எனக்கு ஒரு உதவி. வேலையில் இருக்கும் ஆசிரியர்கள் வீட்டிலிருந்தே படித்து எம்.எஸ்ஸி. எழுதலாமாம். விண்ணப்பத்தாளை ஆபீசில் நேரில்தான் தருவார்களாம். வாங்கி அனுப்பு. கடைசி நாள் டிசம்பர் 15. அப்பாவிடம் கேட்டேன். "எழுதிப் போட்டுட்டீனா ரெண்டு வருசம் கண்ணாலப் பேச்சு எடுக்கமாட்டன். போடலீனா அரூர்க்காரங்களுக்குச் சரின்னு சொல்லிருவன்" என்றார். அரூர்க்காரர் மதலைமுத்து. முதல் மனைவி போன வருடம்தான் இறந்தாள். கட்டிக்கொண்டால் வேலையை விட்டுவிட வேண்டும் என்று இப்போதே சொல்லியனுப்பிவிட்டார்.

ஸ்டேஷனுக்குப் போய் மெயில் வண்டியின் தபால் பெட்டியிலேயே இதைப் போடுகிறேன்.

பிரியமுள்ள அக்கா,
ராஜமேரி

சென்னை
12-9-1968

அன்புள்ள அக்காவுக்கு,

புரொபசர் உன் மூன்றாவது கணக்கைப் பலகையில் எழுதிப்போட்டு, "மிஸ்டர் சவுரியப்பன், எழுந்து நில்லுங்க" என்றார். நின்றேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது. பிறந்ததிலிருந்து என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. நன்றாகத்தான் இருந்தது.

விண்ணப்பத்தாள் இன்னும் அச்சாகி வரவில்லையாம். வந்ததும் வாங்குகிறேன். இத்துடன் ஆறு கணக்குகள்.

சவுரி

சேசு மரி சூசை துணை
பொம்மிடி
24-11-1968

அன்புத் தம்பிக்கு,

போன வாரம் நீ அனுப்பிய ஆறு கணக்குகளும் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். தாள் வரவில்லையே, சவுரி? இன்னும் மூன்று வாரம்தான்.

கிணற்றில் வெடி வைத்தும் பாறைதான் வருகிறது. அப்பாவுக்கு அந்தக் கோபம் வேறு. போன ஞாயிறு பூசை முடிந்து மதலைமுத்து வீட்டுக்கு வந்தார். மேசைமேல் உன் கணக்குகள் இருந்தன. "பொம்பளைக்கு எதுக்கு இந்தக் கிறுக்கல்?" என்று அப்பாவைக் கேட்டார், என்னைக் கேட்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. வேறு யாரிடம் சொல்வேன்? ஒரு நாள் வகுப்புக்கு மட்டம் போட்டாவது ஆபீசுக்குப் போய்வா.

ராஜமேரி

சென்னை
19-12-1968

அன்புள்ள அக்காவுக்கு,

பத்து நாளாகக் காய்ச்சலில் எழுந்திருக்க முடியவில்லை. தேதி தாண்டிவிட்டது. மன்னித்துவிடு. அடுத்த வருடம் கட்டாயம் போட்டுவிடலாம். படிப்பு நிறைய இருப்பதால் கிறிஸ்துமசுக்கு வரவில்லை. இத்துடன் உள்ள ஆறு கணக்குகளும் அவசரம். பரீட்சைக்கு இப்படித்தான் வருமாம்.

சவுரி

பொம்மிடி
8-1-1969

சவுரியப்பனுக்கு,

உனக்குக் காய்ச்சல் என்று மாதா கெபியில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்துதான் தாள்களைப் பிரித்தேன்.

பின்பக்கம் படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு என்பதை மறந்துவிட்டாய். நான்காவது கணக்கு எழுதிய தாளின் பின்பக்கம் என் பெயர் இருந்தது. விண்ணப்பத்தாள். ஆகஸ்ட் 5 என்று ஆபீஸ் முத்திரை. வி. ராஜமேரி, த/பெ வியாகுலம், பிறந்த தேதி, எல்லாம் உன் கையெழுத்து. கல்வித் தகுதி என்ற இடத்தில் நிறுத்திவிட்டாய்.

ஆறு கணக்கும் போட்டேன். நான்காவதற்கு இரண்டு நாள் ஆயிற்று. விடைகள் என்னிடமே இருக்கட்டும். உன் குறிப்புகளையெல்லாம் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன், அந்த ஒரு தாளைத் தவிர.

பிப்ரவரி 3 கல்யாணம். வேலையை விடுவதாக எழுதிக்கொடுத்துவிட்டேன். தம்பி வரவில்லையா என்று ஊர் கேட்கும். கேட்கட்டும். நீ வராதே.

ராஜமேரி

சென்னை
21-4-1969

அக்கா,

அரூருக்கு எழுதும் நான்காவது கடிதம் இது. மூன்றுக்கும் பதில் இல்லை.

பரீட்சை முடிந்தது. அதே கம்பிதான் வந்தது. இந்த முறை ஒரு முனையை மூடியிருந்தார்கள், அந்த வழியாகச் சூடு வெளியே போகாது. நான் இரண்டு முனையும் பனிக்கட்டியில் என்றே வைத்துப் பக்கம் பக்கமாக எழுதினேன். வெளியே வந்தபிறகுதான் நீ சொன்னது ஞாபகம் வந்தது. தேறமாட்டேன்.

அன்று கல்வித் தகுதியில் முதல் வகுப்பு என்று எழுத வேண்டியிருந்தது. பேனா ஓடவில்லை. நீயும் எழுதினால் அதே புரொபசர் உன் தாளையும் திருத்துவார், பலகையில் இருந்தது யார் போட்ட கணக்கு என்று தெரிந்துவிடும் என்று நினைத்தேன். பொறாமைதான் அக்கா. வேறு பெயர் இல்லை.

அப்பா எழுதியிருந்தார்: "அவ யாருகிட்டயும் பேசறதில்ல. சிலேட்டுல என்னமோ எழுதி எழுதி அழிச்சிக்கிட்டு இருந்தாளாம். மாப்பிள்ள புடுங்கி ஒடச்சிட்டாரு."

கடையில் புதுத் தாள் வாங்கி எழுதுகிறேன். பின்பக்கம் ஒன்றும் இல்லை. ஆனாலும் திருப்பிப் பார், அக்கா.

சவுரி