ஆறு பாட்டில் சத்து மாத்திரை

மண்ணூர்,
7-7-1991

அன்பு வாணிக்கு,

உன் புருஷன் ஜெபகுமார் எழுதிக்கொள்வது. ஊர் வந்து மூன்று வாரம் ஆகிறது. அக்கா வீட்டில்தான் இருக்கிறேன். மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் ராஜம்மா அக்கா என்னை அடையாளம் தெரியாமல் தாண்டிப் போய், பின்னால் வந்த வேறொரு குண்டு மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கூப்பிட்ட பிறகு திரும்பிப் பார்த்து ஒரே அழுகை. "இன்னாடா ஜெபா, உன் பொண்டாட்டி சோறே போடலியா?" என்றாள். உன் மானம் மீனம்பாக்கத்திலேயே போயிற்று.

ஆபரேஷன் விஷயத்தைச் சொல்லவில்லை. அல்சர் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இளைப்பதற்காக வயிற்றைக் கட்டிச் சின்னதாக்கி, ஒரு முட்டை அளவு பை மட்டும் விட்டிருக்கிறார்கள், அதற்கு நானே சம்மதித்தேன் என்றால் இங்கே யாருக்குப் புரியும்? எனக்கே சில நாள் புரிவதில்லை.

ஒரகடம் பக்கம் புதிதாக வந்த ரப்பர் கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் வரை பஸ், அங்கிருந்து கம்பெனி வேன். வேலை கஷ்டமில்லை. கேள்விதான் கஷ்டம். வேன் டிரைவர், கேட்டில் வாட்ச்மேன், கூட வேலை செய்யும் தசரதன், திரும்பி வந்தால் பக்கத்து வீட்டுச் செந்தாமரை, எல்லாருக்கும் ஒரே கேள்வி. "சாப்டியா நைனா?" நான்கு வாய் சாப்பிட்டவன் ஆமாம் என்பதா, இல்லை என்பதா? இல்லை என்றால் தட்டோடு வந்துவிடுகிறார்கள்.

போன வாரம் படப்பையில் ஒரு கல்யாணம். இலையில் அப்படியே வைத்துவிட்டு எழுந்தால் பெண் வீட்டாருக்கு மரியாதையில்லை என்று அக்கா முறைத்தாள். சரி, பாயசமாவது குடிப்போம் என்று ஒரு டம்ளர் குடித்தேன். கால் மணி நேரத்தில் உடம்பெல்லாம் வேர்த்து, நெஞ்சு அடித்துக்கொண்டு, மண்டபத்துக்குப் பின்னால் சாக்கு மேல் படுத்துவிட்டேன். மாரடைப்பு என்று சபை மூப்பர் ஜெபமே செய்துவிட்டார். அப்புறம் தானாகச் சரியாகிவிட்டது. என்ன இது வாணி? பாயசத்துக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்?

பெட்டியை நான் தூங்கி எழுவதற்குள் அக்கா பிரித்து, சென்ட், சோப்பு, அது இது என்று ஊருக்கே பங்கு வைத்துவிட்டாள். வெளிநாட்டுப் பெட்டி என்றைக்குத்தான் கொண்டு வந்தவனுடையதாக இருந்திருக்கிறது!

இப்படிக்கு,
ஜெபகுமார்


சிகாகோ,
24-7-1991

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மனைவி இசைவாணி எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நான் நலம். நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

நெஞ்சுக்கு ஒன்றுமில்லை, அது பாயசம் செய்த வேலை. உங்கள் புது வயிற்றில் இனிப்பு தங்காது. நேராகக் குடலில் போய் விழும், உடம்பு பதறிப்போகும். டாக்டர் இதைச் சொன்னபோது நீங்கள் ஜன்னலுக்கு வெளியே பனி பெய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் நான் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முட்டை, மீன், பருப்பு, கெட்டித் தயிர் இவற்றை முதலில் சாப்பிடுங்கள். சோறு அப்புறம், இடம் இருந்தால். ஒவ்வொரு வாயையும் கூழாகும் வரை மெல்ல வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம், அரை மணி கழித்துக் குடியுங்கள். மூன்று வேளைக்குப் பதிலாக ஆறு வேளை. இதையெல்லாம் கம்பெனியில் எப்படிச் செய்வீர்கள் என்று நினைத்தால் எனக்கே தலை சுற்றுகிறது.

எல்லாவற்றையும்விட மாத்திரை. எந்தக் காரணத்துக்கும் குறையக் கூடாது என்று ஆறு பாட்டில் சத்து மாத்திரை என் கையாலேயே வைத்தேன். நாம் சாப்பிடுகிற சோற்றிலிருந்து சத்தை எடுக்கிற வழியைத்தான் உங்களுக்கு மாற்றி வைத்திருக்கிறார்கள். மாத்திரை ஒரு நாளும் தவறக் கூடாது. போடுகிறீர்களா இல்லையா, ஒரு வரி எழுதுங்கள்.

இன்னொன்று. இரண்டு மாதம் என்று சொல்லித்தானே போனீர்கள்? வேலை கிடைத்திருக்கிறது என்றால் என்ன அர்த்தம் மாமா? அந்த வரியை நாலு தரம் படித்துவிட்டேன், பிடிபடவில்லை.

உங்களை எல்லாரும் சாப்டியா என்று கேட்பது பெரிய தொந்தரவு என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே என்னை யாரும் கேட்பதில்லை. இரட்டை டியூட்டி பார்த்துவிட்டு வார்டு மூலையில் நின்றபடி ரொட்டி தின்கிறேன்.

உங்கள்,
இசைவாணி


மண்ணூர்,
11-8-1991

வாணிக்கு,

உன் கடிதம் வந்தது. மருந்துச் சீட்டு மாதிரி இருந்தது. மாத்திரையெல்லாம் ஒழுங்காகப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், போதுமா?

அசதி மட்டும் போகவில்லை. மாடிப்படி பத்து ஏறினால் ஏதோ மலை ஏறின மாதிரி இருக்கிறது. நேற்று ஸ்டோர்ஸில் அட்டைப்பெட்டிகள் மேல் சாய்ந்தவன் தூங்கியே விட்டேன். சூப்பர்வைசர் வந்து, "இன்னா சார், அமெரிக்கா நெனப்பா?" என்று கேட்டுவிட்டுப் போனார். தின்றதில் பாதி வெளியே வந்துவிடுகிறது, தினமும். குண்டாக இருந்தபோது நூற்று நாற்பது கிலோவைத் தூக்கிக்கொண்டு நடந்தவன் இன்றைக்கு ஒரு டிபன் பாக்ஸைத் தூக்க அசந்துபோகிறேன். அப்போது வியாதியா, இப்போது வியாதியா?

ஊருக்குள் வேறு பேச்சு. டி.பி. என்று சிலர், அதைவிட மோசமான ஒன்று என்று சிலர். நான் குடித்த டம்ளரைச் செந்தாமரை வெந்நீரில் கழுவுகிறாள், என் கண் முன்னாலேயே.

ஒரு வேடிக்கை கேள். வியாழக்கிழமை வேனில் ஏறி உட்கார்ந்ததும் தசரதன் என் காலைப் பார்த்துச் சிரிக்கிறான். "அண்ணே, இன்னொரு செருப்பு எங்க கீது?" குனிந்து பார்த்தால் ஒரு கால் வெறுங்கால். எங்கே கழன்று விழுந்தது என்றே எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நாளாகவே பஞ்சு மேல் நடக்கிற மாதிரிதான் இருக்கிறது. இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன், கேட்டுவிடுகிறேன். போன வருஷம் உங்கள் ஆஸ்பத்திரி பிக்னிக்கில் போட்டோ எடுத்தார்களே, எல்லார் புருஷனும் முன்வரிசையில் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, என்னை மட்டும் பின்னால் போய் நிற்கச் சொன்னாய். அந்தப் போட்டோவைப் பார்த்த பிறகுதான் ஆபரேஷனுக்குச் சரி என்றேன். என்னைக் கூட அழைத்துக்கொண்டு போக உனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது இளைத்துவிட்டேன். ஆனால் இளைத்தவன் யார் என்று எனக்கே தெரியவில்லை. அவனை அழைத்துக்கொண்டு அங்கே திரும்பி வந்து என்ன செய்ய?

ஜெபகுமார்


சிகாகோ,
25-8-1991

மாமா,

இந்தக் கடிதத்துக்கு முன்னால் என் தந்தி வந்திருக்கும். அதன்படி இன்னும் போகவில்லை என்றால், படிப்பதை நிறுத்திவிட்டு இப்போதே கிளம்புங்கள். கூட உள்ள ஆங்கிலத் தாளை டாக்டரிடம் கொடுங்கள், என்ன ஊசி, எத்தனை நாள் என்று என் டாக்டரே எழுதியிருக்கிறார்.

செருப்பு கழன்றது வேடிக்கை இல்லை. தின்பது வெளியே வந்து, உடம்பில் பி வைட்டமின் வற்றிப்போய், நரம்பு கெடுகிறது. காலில் ஆரம்பித்துக் கைக்கு வரும். உங்கள் எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. முதல் கடிதத்தில் அழகாக இருந்த கையெழுத்து, இதில் கோட்டை விட்டு இறங்கிப் போகிறது. இப்படியே விட்டால் நடக்க முடியாமல் போய்விடும். மூளைக்கும் போகும். பயமுறுத்தவில்லை, என் வார்டில் பார்த்திருக்கிறேன்.

மாத்திரை போட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. பொய் சொல்கிறீர்கள். ஏன் என்றுதான் தெரியவில்லை.

போட்டோ விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு முந்தின கிறிஸ்துமஸ் விருந்தில் உங்கள் நாற்காலி உடைந்தது. கீழே விழுந்த நீங்கள்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தீர்கள். பிறகு வீடு வரும் வரை காரில் ஒரு வார்த்தை பேசவில்லை. பிக்னிக்கிலும் அதே மடக்கு நாற்காலிகளைத்தான் முன்வரிசையில் போட்டிருந்தார்கள். அவ்வளவு பேர் முன்னால் மறுபடியும் அது உடையக் கூடாது என்றுதான் உங்களைப் பின்னால் நிற்கச் சொன்னேன். அதைச் சொன்னால் உங்களுக்கு வலிக்கும் என்று சொல்லாமல் விட்டேன். சொல்லாதது இப்படி ஆகிவிட்டது.

என் அப்பாவுக்குச் சர்க்கரையில் கால் எடுத்தது உங்களுக்குத் தெரியும். அந்தப் புண்ணுக்குத் தினமும் கட்டு மாற்றியவள் நான். உங்கள் சர்க்கரை ஏற ஏற எனக்கு அந்தக் கால்தான் கண்ணில் நின்றது. கையெழுத்துப் போட்டது நீங்கள் என்றாலும் அவசரப்பட்டது நான்தான். காலைக் காப்பாற்றப் போய் இப்போது கால் மரத்துப் போயிற்று என்று எழுதுகிறீர்கள். செய்தது சரியா தப்பா என்று எனக்கும் தெரியவில்லை மாமா. அழுகையாக வருகிறது.

இசைவாணி


மண்ணூர்,
6-10-1991

அன்பு வாணிக்கு,

ஊசி போட்டாயிற்று என்று நான் கொடுத்த தந்தி கிடைத்திருக்கும். மீதியைத் தந்தியில் சொல்ல முடியாது.

முதலில் மாத்திரை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அக்கா பெட்டியைப் பிரித்த அன்றைக்கே ஆறு பாட்டிலும் போய்விட்டன. அமெரிக்கச் சத்து மாத்திரை என்றதும் சோப்பு, சென்ட்டோடு சேர்த்து வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்திருக்கிறாள். கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்டால் அக்கா முகத்தை எங்கே வைத்துக்கொள்வாள்? எதற்குக் கேட்கிறாய் என்றால் ஆபரேஷனையும் சொல்ல வேண்டும். கொஞ்ச நாள்தானே, முட்டை சாப்பிட்டால் போதும் என்று இருந்துவிட்டேன். பொய் எழுதியதற்கு என்னை மன்னித்துவிடு.

ஆகஸ்ட் இருபத்தேழாம் தேதி தந்தி வந்தது. இங்கே தந்தி என்றால் சாவு என்பது நீ மறந்துவிட்டாய். தபால்காரரைத் தூரத்தில் பார்த்ததுமே அக்கா மாரில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, வாணி பூட்டாளே! தங்கமான பொண்ணாச்சே!" என்று கத்தியதில் தெருவே கூடிவிட்டது. நான் கொடியில் சட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தேன். தபால்காரர் உறையைக் கிழித்து, கண்ணாடியைத் தேடி மாட்டி, படித்து முடிப்பதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது வாணி. நீ இல்லை என்றே நினைத்துவிட்டேன். உனக்கு எழுதிய கடிதங்களெல்லாம் வரிவரியாக ஞாபகம் வந்தன. எல்லாவற்றிலும் என் வயிறு, என் அசதி, என் கோபம். ஒன்றில்கூட நீ எப்படி இருக்கிறாய் என்று இல்லை. ஓடப் பார்த்தேன், கால் சொன்னபடி கேட்கவில்லை, அப்படியே கீழே விழுந்தேன்.

"ஆஸ்பத்திரிக்கு இன்றே போகவும், பி வைட்டமின் ஊசி போடவும்" என்று தபால்காரர் படித்தார். யார் போக வேண்டும் என்று யாருக்கும் புரியவில்லை. நீதான் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாய் என்று செந்தாமரை அழ ஆரம்பித்தாள். அப்போதுதான், மண்ணில் கிடந்தபடியே, எல்லார் முன்னாலும் சட்டையைத் தூக்கித் தையல் தழும்பைக் காட்டினேன். அல்சர் இல்லை, இளைப்பதற்காகச் செய்துகொண்டது, பெட்டியில் இருந்த சத்து மாத்திரை போடாததால்தான் கால் இப்படி என்றேன். அக்கா கேட்டாள், "அப்போ அந்த மாத்திரை உன் உசுரு மாத்திரையாடா, பாவி? வாயத் தொறந்து சொல்ல மாட்டியா?"

அன்றைக்கே மெட்ராசுக்குப் போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். உன் தாளும் பிறகு வந்தது. நான் படுத்திருந்த பத்து நாளில் அக்கா பையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்த் திருப்பிக் கேட்டிருக்கிறாள். பாஸ்டர் வீட்டில் மூடியே திறக்கவில்லை. ஒரு வீட்டில் கோழிக்குப் போட்டிருந்தார்கள். கோழி நன்றாக இருக்கிறதாம். செந்தாமரை காலி பாட்டிலில் கடுகு போட்டு வைத்திருந்தாள். கடுகைக் கொட்டிவிட்டு பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தாள், பாவம், வேறு எதைக் கொடுப்பாள்! மொத்தத்தில் மூன்று பாட்டில் தேறியது.

இப்போது வாந்தி நின்றுவிட்டது. ஸ்டோர்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் தசரதன் சுண்டலோ முட்டையோ கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு, நான் மெல்லுவதைக் காவல்காரன் மாதிரி பார்த்துக்கொண்டு நிற்கிறான். வாரத்தில் இரண்டு நாள் செம்பரம்பாக்கம் ஏரி விரால். அசதி முழுதும் போகவில்லை. சில நாள் பரவாயில்லை, சில நாள் எழுந்திருக்கவே முடியவில்லை. ஏன் என்று கேட்பதை விட்டுவிட்டேன்.

நேற்று கொல்லையில் வெறுங்காலோடு நடந்தபோது இடது காலில் கருவேல முள் ஏறியது. வலித்தது. நன்றாகவே வலித்தது. நான் சிரிப்பதைப் பார்த்து அக்கா ஓடி வந்து, பயந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

நாற்காலி விஷயத்தைப் பல தரம் படித்தேன். பெட்டியின் அடியில் கிடந்த அந்தப் போட்டோவைத் தேடி எடுத்தும் பார்த்தேன். நீ முன்வரிசையில் உட்காரவே இல்லை. பின்னால் எனக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருக்கிறாய். இத்தனை நாளும் நான் என்னை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

நான் அங்கே வருவதா, நீ இங்கே வருவதா, எனக்கு இன்னும் தெளியவில்லை. டாக்டர் பிரயாணம் செய்யலாம் என்றதும் சேர்ந்து முடிவு செய்வோம். அதற்கு முன்னால், முதல் கடிதத்திலேயே கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்கிறேன். நின்றுகொண்டு தின்ற ரொட்டியைச் சொல்லாமல், உட்கார்ந்து பதில் எழுது.

சாப்பிட்டாயா வாணி?

உன்,
ஜெபகுமார்