கை படாத செம்பு

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பா நன்றாக இருக்கிறார். இதை முதலில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடிதத்தைப் பார்த்ததுமே உனக்குப் பதறும். போனில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று தோன்றும். போனில் சொல்ல வாய் வரவில்லை. இரண்டு முறை உன்னை அழைத்து, சமையலறைக் குழாய் ஒழுகுவதைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். குழாயை அன்றே சரி செய்தாயிற்று.

உன் இருமல் எப்படி இருக்கிறது? உன் செம்புப் பட்டறையின் மெருகுப் பிரிவில் மருந்துத் தொட்டிக்குப் பக்கத்திலேயே நிற்காதே. வேறு இடம் கேள். கேட்டால்தானே கொடுப்பார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ அப்பாவுக்கு அனுப்பிய செம்பு ரேசரைப் பற்றியது.

ஐந்து மாதத்துக்கு முன் அது வந்த நாள் நினைவிருக்கிறது. பெட்டியைத் திறந்ததும் புதுக் காசு மாதிரி மின்னியது. நீ போனில் சொன்னாய்: "இதுக்கு மேல்பூச்சு எதுவும் போடலைடா. மத்ததையெல்லாம் நாங்களே மருந்துல முக்கிப் பழசாக்கி அனுப்புவோம். இது கை பட்டுப் பட்டுத் தானா கறுக்கணும். அப்பா முகத்துக்கு நீ தினமும் செய், ஆறு மாசத்துல அது நிறத்தைப் பாரு." நானும் சரி என்றேன். வாரா வாரம் நீ கேட்டாய், வாரா வாரம் "செய்றேன்க்கா" என்றேன்.

அக்கா, நான் ஒரு நாள்கூடச் செய்யவில்லை.

வேலை என்று சொன்னால் நானே சிரிக்க வேண்டும். காலையிலிருந்து மாலை வரை கண்ணாடிக் கடையில் நான் செய்வது என்ன? முன்பின் தெரியாதவர்கள் மூக்கையும் காதையும் தொட்டுத் தொட்டு ஃபிரேம் சரி செய்வதுதான். ஊரார் முகமெல்லாம் தொடுகிற கைக்கு அப்பாவின் முகம் மட்டும் ஆகவில்லை. பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்கு வலக்கை எழும்பாது, வலப்பக்க வாயோரம் எச்சில் வடிந்துகொண்டே இருக்கும். எனக்கு அருவருப்பாக இருந்தது. எழுதவே கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை. அதோடு, அத்தனை பக்கத்தில் அவர் கண்ணைப் பார்க்கப் பயமாகவும் இருந்தது. பத்து வயதுக்குப் பிறகு நாங்கள் ஒருவரையொருவர் தொட்டதே இல்லையே.

தாடி வளர்ந்தது. அவருக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வருகிற பெண்மணி, "ஐயாவுக்குத் தாடி நல்லாத்தான் இருக்கு" என்றார். அதையே சாக்காகப் பிடித்துக்கொண்டேன். அப்பாவுக்கு நல்லாயில்லை என்று எனக்குத் தெரியாதா? சவரம் செய்யாத முகத்தோடு தபால் கவுன்ட்டரில் உட்காருவது அழுக்குக் கையோடு பரிமாறுவது மாதிரி என்று முப்பது வருடம் சொன்னவர் அவர். ஞாயிற்றுக்கிழமைகூட விடமாட்டார்.

ஒருநாள் கடையிலிருந்து வந்தபோது அவர் குளியலறை முக்காலியில் உட்கார்ந்திருந்தார். இடது கையில் ரேசர். தாடையில் மூன்று வெட்டு. பனியன் நனைந்திருந்தது. சோப்பு நுரையும் ரத்தமும் கலந்து. நான் என்ன செய்தேன் தெரியுமா? கத்தினேன். "உங்களை யாரு இதைத் தொடச் சொன்னது?" என்று கேட்டேன். வேறு யார் தொட்டிருக்க வேண்டும் என்று அவர் திருப்பிக் கேட்டிருக்கலாம். நான் ரேசரைக் கழுவித் துடைத்து அலமாரியின் மேல்தட்டில், அவர் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டேன். பாதுகாப்புக்காக என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

பிறகு போன மாதம் நீ போட்டோ கேட்டாய். எடுத்துப் பார்த்தேன். வந்த நாள் மாதிரியே பளபளவென்று இருந்தது. அந்தப் பளபளப்பைப் பார்த்துப் பயந்தவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் முட்டையை வைத்துத்தான் செம்பைக் கறுக்கப் பழகினேன் என்று நீ சொல்லியிருக்கிறாய் அல்லவா? உன்னிடம் கற்றதை உன்னிடமே காட்டினேன். ஞாயிறு மத்தியானம் நான்கு முட்டையை அவித்து, சூட்டோடு மசித்து, மூடி போட்ட டப்பாவில் ரேசரோடு வைத்தேன். வீடெல்லாம் நாற்றம். அப்பா சாப்பாட்டு மேசையில்தான் இருந்தார். "முட்டை... கெட்டுப்போச்சா?" என்று கேட்டார். மூடியைத் திறந்து ரேசரை எடுத்தேன். காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்திருந்தது. அக்காவுக்குப் போட்டோ அனுப்பணும் என்றேன். அவர் ரேசரைப் பார்த்தார். இடது கையால் தன் தாடியை ஒருமுறை தடவினார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். புரிந்துவிட்டது அவருக்கு.

போட்டோ பார்த்ததும் நீ அழைத்தாய். "கைப்பிடிக்கு அடியிலகூட ஒரே நிறமா இருக்கேடா" என்றாய். கை பட்டுக் கறுத்திருந்தால் திட்டுத் திட்டாகத்தானே இருக்கும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. "அப்பாகிட்ட குடு" என்றாய். ஸ்பீக்கரில் போட்டு அவர் முன்னால் வைத்தேன். தம்பி தினமும் சவரம் செய்து விடுகிறானா என்று கேட்டாய்.

உனக்குக் குரல் மட்டும்தான் கேட்டது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்தை மறைத்த தாடியோடு, வாயைக் கோணிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகச் சேர்த்து அவர் சொன்னார்: "தினமும்... செய்றான்மா. நல்லா... செய்றான்."

வாழ்நாளில் அப்பா பொய் சொல்லி நீ கேட்டிருக்கிறாயா? நான் கேட்டதில்லை. என்னால் அதையும் அவர் சொல்ல வேண்டியதாயிற்று.

போனை வைத்துவிட்டு மன்னிப்புக் கேட்க நின்றேன். அதற்குப் பதிலாக வெந்நீர் வைத்தேன். முதலில் கத்திரியால் வெட்டி, பிறகு சோப்புப் போட்டு ஆரம்பித்தேன். வலது கன்னம் தொய்ந்து கிடக்கிறது, இரண்டு விரலால் இழுத்துப் பிடித்தால்தான் பிளேடு ஓடும். எச்சில் விரலில் பட்டது. துடைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். இதற்காகவா ஐந்து மாதம் என்று இருந்தது. இரண்டு இடத்தில் கீறிவிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டே இருந்தார். முடிந்ததும், "கண்ணாடி மாட்டுறவன் கை... லேசாத்தான் இருக்கு" என்றார். பாராட்டா, குத்தலா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

அன்றே எலுமிச்சையும் உப்பும் போட்டு அந்தக் கறுப்பைத் தேய்த்து எடுத்துவிட்டேன். இன்றோடு பதினெட்டு நாள். விடாமல் செய்கிறேன். ரேசரில் பெரிதாக நிறம் ஒன்றும் ஏறவில்லை. என்னை நம்ப வேண்டாம், வந்து பார்த்துக்கொள்.

அடுத்த மாதம் நீ வரும்போது என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. கன்னத்தில் ஒன்று வைத்தாலும் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அவர் காதில் விழாத இடத்தில் வைத்துக்கொள். அந்தப் பொய்யைப் பற்றி மட்டும் அவரிடம் கேட்டுவிடாதே அக்கா. தினமும் செய்கிறான் என்று அவர் சொன்னது சொன்னபடியே இருக்கட்டும். அதை மெய்யாக்க எனக்கு இன்னும் கொஞ்ச நாள் வேண்டும்.

உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் தேடும்,
தம்பி