கூட்டல் குறி போட்ட கட்டங்கள்

தென்காசி,
ஜூன் 23, செவ்வாய்

அன்புள்ள செல்விக்கு,

அன்றைக்கு நான் தட்டியிருந்தால் அந்தக் கால் எழும்பியிருக்குமா? இருபத்திரண்டு வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கும் இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது, அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நானும் அப்பாவும் இங்கே நலம்தான். உன் நலத்தை மாப்பிள்ளை அனுப்பும் பிரஷர் எண்ணில்தான் பார்த்துக்கொள்கிறேன், நேற்று நூற்று அறுபதுக்கு நூறு என்று வந்ததும் அப்பா காப்பியை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டது, சாரலில் எதுவும் காயவில்லை, அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துக் குழந்தைக்கு வைத்த துணிகளை மின்விசிறிக்குக் கீழே விரித்திருக்கிறேன். பக்கத்து வீட்டு சமீர் வெள்ளிக்கிழமை உங்கள் தோஹாவுக்குத் திரும்புகிறான், துணிகளோடு இதையும் அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

வலிப்பு வராமலிருக்க மக்னீசியம் சல்பேட் போடுவோம் என்கிறார்கள், நீ எத்தனை பேருக்குப் போட்டிருப்பாய், பயப்பட வேண்டுமா அம்மா என்று நேற்று போனில் கேட்டாய். அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை. உனக்கு மூன்று வயது இருக்கும்போது குற்றாலம் ரோட்டில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்த்தேன், இப்போது அது இல்லை. கடையம் பக்கமிருந்து பேராச்சி என்று ஒரு பெண்ணை வலிப்போடு கொண்டுவந்தார்கள். எட்டு மாதம், நாற்பது கிலோதான் இருப்பாள். காலையில் முதல் டோஸ் முழுதாகப் போட்டோம், வலிப்பு நின்றது. பிறகு நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை ஐந்து கிராம் இடுப்பில் போட வேண்டும். போடுமுன் ஒவ்வொரு தடவையும் முழங்காலைத் தட்டினால் கால் எழும்புகிறதா, மூச்சு நிமிடத்துக்கு எத்தனை, சிறுநீர் போதுமான அளவு இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மருந்து உடம்பில் அதிகமாகத் தேங்கினால் முதலில் அடங்குவது அந்தக் கால்தான், மூச்சு அதற்கு அப்புறம்.

எங்கள் வார்டில் ஒரு வழக்கம் இருந்தது. டூட்டி ஏறியதும், தட்டிப் பார்க்குமுன்னே, சார்ட்டில் சாயங்காலம் வரைக்குமான கட்டங்களில் கூட்டல் குறி போட்டு வைத்துவிடுவோம், கால் எழும்பியது என்று அதற்கு அர்த்தம். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் பெரிய சிஸ்டர் எல்லார் முன்னாலும், ஏட்டி, கட்டத்த நிரப்பத் தெரியாதவளுக்கு என்னத்துக்குட்டி பட்டம் என்பார். பி.எஸ்சி. முடித்தவள் நான் ஒருத்திதான், அதனால் எனக்கு இரண்டு மடங்கு ரோஷம். அன்றைக்கும் பத்து மணிக்கு, முதல் டோஸ் முடிந்த கையோடு எல்லாக் கட்டத்தையும் நிரப்பினேன். இரண்டு மணிக்கு சார்ட்டைப் பார்த்தேன், என் கையெழுத்தில் கூட்டல் குறி இருந்தது, ஊசியைப் போட்டேன். தட்டவில்லை. அரை மணி கழித்து அவள், யக்கா, கண்ணத் தொறக்க முடியல, நாக்கு தடிச்சுட்டு வருது என்றாள். மூச்சை எண்ணினேன், நிமிடத்துக்குப் பத்துதான், பதினாறாவது இருக்க வேண்டும். அந்த மருந்தை முறிக்கும் கால்சியம் ஊசியை எடுத்துக்கொண்டு ஓடினேன், அவள் பிழைத்தாள். சாயங்காலம் பிறந்த பையன் நனைந்த துணி மாதிரி கிடந்தான், அழவில்லை, இரண்டு நாள் இருந்தான். காலையில் வந்த வலிப்பால் குழந்தைக்கு ஆக்சிஜன் போகவில்லை என்றார் டாக்டர். அப்படியும் இருக்கலாம். என்னால்தான் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை, என்னால் இல்லை என்று சொல்லவும் இல்லை. சார்ட்டை யாரும் இரண்டாம் தடவை பார்க்கவில்லை. பேராச்சியின் மாமியார் பாவூர்சத்திரத்தில் வாங்கிய ஒரு பை சின்ன வெங்காயத்தை என் கையில் திணித்து, எம் மருமவள திருப்பித் தந்துட்டிய சிஸ்டரு, நீங்க நல்லாருக்கணும் என்று அழுதார். நான் வாங்கிக்கொண்டேன். அதில் வைத்த குழம்பை நீயும் சாப்பிட்டாய்.

இதையெல்லாம் உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. மருந்து வேண்டாம் என்று சொல்லிவிடாதே. வலிப்பு வராமல் தடுக்க இதைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை, உனக்கு முப்பத்தோராவது வாரம்தான் நடக்கிறது, இத்தனை சீக்கிரம் பிறக்கும் குழந்தையின் மூளைக்கும் அது காவல். பிறந்ததும் குழந்தை கொஞ்ச நேரம் துவண்டு கிடந்தால் பதறாதே, மருந்து இறங்கினால் சரியாகிவிடும். உடம்பெல்லாம் சூடு பரவும், அதற்கும் பயப்படாதே. ஆனால் யாராவது உன் முழங்காலைத் தட்ட வேண்டும். தட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள் என்று மாரிராஜ் மாப்பிள்ளைக்கு இப்போதுதான் மெசேஜ் அனுப்பினேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. எனக்குச் சாமி நம்பிக்கை குறைவு, உனக்குத் தெரியும், இருந்தாலும் நீயும் பிள்ளையும் இரண்டு உயிராகப் பிரிந்து சுகமாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் வேண்டிக்கொள்கிறேன். கண் கனத்தால், நாக்கு தடித்தால் உடனே சொல், பொறுத்துக்கொள்ளாதே.

உன் அம்மா,
லோகநாயகி

புதன், மாலை. கடிதத்தை மடிக்குமுன் மாப்பிள்ளை கூப்பிட்டார். காலையில் உனக்கு மருந்து ஏற்றினார்களாம். மூன்றாவது மணியில் தட்டியபோது கால் லேசாகத்தான் அசைந்ததாம், உடனே நிறுத்தி ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு அளவைக் குறைத்தார்களாம். இரண்டரைக்கு ஆபரேஷன். பெண் குழந்தை, ஒரு கிலோ நானூறு, முதலில் துவண்டிருந்தாள், மூச்சுக்கு மெஷின் வைத்தார்கள், பிறகு அழுதாள். நீ தூங்குகிறாய். நான் ஒன்றுதான் கேட்டேன், அந்த நர்ஸ் தட்டிவிட்டு எழுதினாளா, எழுதிவிட்டுத் தட்டினாளா என்று. தட்டிட்டுத்தான் எழுதுனா அத்தை, ஒவ்வொரு தடவையும் கண்ணால பாத்தேன் என்றார்.