முந்நூறிலும் நிற்கிற மாதிரி

12.6.2013, புதன்

மத்தியானம் துபாயிலிருந்து அவர் பேசினார். முதலாளியின் ஷெட்டுக்கு இன்னொரு கார் வந்திருக்கிறதாம். உலகத்திலேயே பத்துதானாம். இவர்தான் ஓட்டிப் பார்த்தாராம்.

“கொள்ளாமா, நல்லா இருக்கா?” என்றேன்.

“என்னட்டி பெரிய காரு! போன மாசம் வந்ததுக்கும் இதத்தான் சொன்னாவ. முந்நூறு ஸ்பீடுல போனாலும் நின்னமாதிரிதான் இருக்கு.”

முதல் காரில் இருநூறைத் தொட்டுவிட்டு, கை நடுங்குகிறது என்று சொன்னவர் இவர்.

“லீவுக்கு வந்ததும் பாப்பாவ பைக்குல முன்னால வச்சு, ஆரல்வாய்மொழி ரோட்டுல ஒரு விடு விடணும்.”

“அங்க ஆனிக்காத்து ஆளையே தள்ளுமே!”

“அட போட்டி, பயந்தாங்கொள்ளி.”

வெள்ளிக்கிழமை வருகிறார். பைக் சாவியை அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டுத் திரும்பினால், பாப்பா வாசலில் நிற்கிறாள். அப்பா கேட்டால் ஓடிப்போய் எடுத்துக் கொடுப்பாள். வேறு இடம் பார்க்க வேண்டும். இந்த வீட்டில் அவளுக்குத் தெரியாத இடம் ஏது?